அது அம்மை இல்ல: ஒரு மாத்திரை தோலை உரிக்கும்போது

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் சீரியஸ். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, முதல்ல சாப்பிட்டு முடிச்சுடுங்க. கொப்புளம், புண், தோல் உரியறது பத்தியெல்லாம் பேசப் போறேன்.

இன்னொரு விஷயம், நான் டாக்டர் இல்ல. எங்க வீட்டுல ஒருத்தருக்கு நடந்துச்சு. அதுக்கப்புறம் தோல் டாக்டர்கள்கிட்ட கேட்டு, தேடிப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க சொல்றேன். அந்த நாலு நாளைக்கு முன்னாடியே இது எனக்குத் தெரிஞ்சிருந்தா, எங்க சித்தப்பாவோட கண்ணு இன்னிக்கு நல்லா இருந்திருக்கலாம். அதனாலதான் இந்த எபிசோட்.

எங்க ஊர்

எங்க ஊர் மங்களூர். இதை ஆபீஸ்ல சொன்னா உடனே "ஓ, கர்நாடகாவா? பீச் சூப்பரா இருக்குமே!"ன்னு கேப்பாங்க. எங்க மங்களூர்ல பீச் கிடையாது. கடலூர் மாவட்டம், விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையற ஊர். துணி எடுக்கணும், நகை வாங்கணும், டாக்டரைப் பாக்கணும்னா பல பேருக்கு விருத்தாசலம்தான்.

விருத்தாசலம்னா செராமிக். பொம்மை, அகல் விளக்கு, கரண்ட் கம்பத்துக்கான பீங்கான் சாமான்னு சின்னச் சின்ன யூனிட் நிறைய உண்டு. செராமிக் படிக்கறதுக்குன்னே அங்க ஒரு அரசு கல்வி நிறுவனமும் இருக்கு. எங்க சித்தப்பா அப்படி ஒரு யூனிட்ல பல வருஷம் சூளைகிட்ட நின்னவர். சூளைக்குள்ள நெருப்போட நிறத்தைப் பாத்தே சூடு சரியா இருக்கான்னு சொல்லிடுவார். அவரோட வேலையே கண்ணுலதான் இருந்துச்சு.

அவருக்குக் கால் பெருவிரல்ல அடிக்கடி வலி. வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாக்கூடத் தாங்காது. ரத்தம் டெஸ்ட் பண்ணினதுல யூரிக் ஆசிட் அதிகம்னு வந்துச்சு. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், அலோபியூரினால். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் சாப்பிடற மாத்திரை அது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது. சித்தப்பாவுக்கும் முதல் மூணு வாரம் ஒண்ணும் ஆகல. கால் வலி குறைஞ்சு சந்தோஷமாத்தான் இருந்தார்.

அக்கியா, அம்மையா?

மூணாவது வாரம் முடியறப்போ காய்ச்சல் வந்துச்சு. தொண்டை வலி, கண்ணு ரெண்டும் சிவந்து எரிச்சல். சூளைச் சூடுதான் ஒத்துக்கலன்னு நெனச்சாங்க. கடையில காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டார். மறுநாள் நெஞ்சுல, முகத்துல கருஞ்சிவப்பாப் புள்ளிகள். உதட்டுல புண்ணு.

எங்க ஊர்ப் பக்கம் தோல்ல எது வந்தாலும் முதல்ல ரெண்டு கேள்விதான் வரும். அக்கியா, அம்மையா? அக்கின்னா மண்பாண்டம் செய்யற வேளார் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிட்டு வருவாங்க. அம்மைன்னா வாசல்ல வேப்பிலை சொருகி, வெளி ஆள் வராம பாத்துப்பாங்க. ஊசி, மருந்து எதுவும் கூடாது. காய்ச்சல், கண்ணு சிவப்பு, உடம்பெல்லாம் புள்ளின்னதும் பெரியவங்க அம்மைன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க வாழ்க்கையில பாத்ததை வெச்சுத்தான் சொன்னாங்க.

சித்தியும் வேப்பிலை வெச்சாங்க. காய்ச்சல் மாத்திரையை நிறுத்தினாங்க. ஆனா கால் வலி மாத்திரையை மட்டும் நிறுத்தல. "அம்மைக்குத்தானே தம்பி மருந்து குடுக்கக் கூடாது, இது கால் வலிக்குத்தானே"ன்னு பின்னாடி என்கிட்ட சொன்னாங்க. அந்த மூணு நாளும், பிரச்சனைக்குக் காரணமான அதே மாத்திரை தினமும் உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு.

நாலாவது நாள் காலையில சித்தப்பா படுக்கையை விட்டு எழுந்தப்போ முதுகுத் தோல் பாயோட ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. அப்பதான் எனக்கு போன் வந்துச்சு. "என்ன தம்பி இது, அம்மையில இப்படி ஆகுமா?"ன்னு சித்தி அழுதுகிட்டே கேட்டாங்க. நான் சென்னையில, அடையாறுல ரூம்ல இருந்தேன். எனக்கும் தெரியல.

முதல்ல பாத்த டாக்டர், பாத்த உடனேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிட்டார். புதுச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அங்க கேட்ட முதல் கேள்வி, "அம்மா, கடைசி ரெண்டு மாசத்துல புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சார்?"

சித்தி பையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்தாங்க. மெடிக்கல்ல ஸ்ட்ரிப்பைக் கத்தரிச்சு, கவர்ல போட்டு, மேல பேனாவால காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதித் தந்திருந்தாங்க. பேர் இருந்த பக்கம் கடையிலேயே நின்னுடுச்சு. "வெள்ளையா, சின்னதா இருக்குங்க டாக்டர்." சித்தியால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான். சீட்டு மங்களூர் வீட்டுல சாமி படத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பையனை விட்டுத் தேடச் சொல்லி, வாட்ஸ்அப்ல போட்டோ வாங்கி, பேரைக் கண்டுபிடிக்க அரை நாள் போச்சு.

இதுக்கு என்ன பேர்?

இதோட பேர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். 1922-ல் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதை முதலில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்தது இரண்டு சிறுவர்களை. காய்ச்சல், வாய்ப்புண், கண்ணில் கடுமையான பாதிப்பு, உடம்பில் புள்ளிகள். 1956-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆலன் லயல் என்ற தோல் மருத்துவர், தீக்காயம் பட்டது போல மொத்தத் தோலும் உரியும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கு டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்று பெயர். சுருக்கமாக டென்.

இரண்டும் ஒரே நோயின் இரண்டு அளவுகள் என்று இன்று புரிந்துகொள்ளப்படுகிறது. உடம்பின் தோல் பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறைவாக உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன். 30 சதவீதத்துக்கு மேல் போனால் டென். நடுவில் இருந்தால் இரண்டும் கலந்த நிலை. முதல் வகையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர் இறக்கிறார்கள். டென்னில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்.

உள்ள என்ன நடக்குது? நம்ம உடம்பைக் காக்கற டி செல்கள், சில பேருக்கு, அந்த மருந்தைப் பாத்ததும் தோல் செல்களையே எதிரின்னு நெனச்சுக்குது. கிரானுலைசின் மாதிரி செல்லைக் கொல்ற புரதங்களை விடுது. தோலோட மேல் அடுக்கு முழுசா செத்து, கீழ் அடுக்கோட இருந்த பிடி விட்டுப் போயிடுது. சித்தப்பா உடம்பு தேறினப்புறம் அவர் பாணியில சொன்னார், "மண்ணுக்கும் கிளேஸுக்கும் ஒத்துப்போகலன்னா சூளையிலிருந்து எடுத்ததும் கிளேஸ் செதில் செதிலா உரிஞ்சு வரும் பாரு, அந்த மாதிரிப்பா."

வெளித் தோலோட இது நிக்கறதில்ல. வாய், கண், பிறப்புறுப்பு, சில பேருக்கு மூச்சுக்குழாய், இங்க இருக்கற ஈரமான மெல்லிய தோலும் உரியும். அதனாலதான் சாப்பிட முடியாது, கண்ணைத் திறக்க முடியாது, சிறுநீர் போறதே நரக வேதனையா இருக்கும்.

நேற்றைய மாத்திரையா, மூணு வாரத்துக்கு முந்தைய மாத்திரையா?

எங்க வீட்டுல எல்லாரும் முதல்ல பழி போட்டது காய்ச்சல் மாத்திரை மேல. "அதைப் போட்டதும்தானே புள்ளி வந்துச்சு!" கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா காய்ச்சலே இந்த நோயோட முதல் அறிகுறிதான். புள்ளி வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் வந்துடும். அந்தக் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை வீணாப் பழியைச் சுமக்கும். உண்மையான காரணம் சத்தமில்லாம உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

மருந்தால வர்ற தோல் பிரச்சனைகளை நேரத்தை வெச்சுப் பிரிச்சுப் பாத்தா எனக்குச் சுலபமாப் புரிஞ்சுது.

முதலாவது, நிமிஷக் கணக்கு. ஊசி போட்டு, மாத்திரை போட்டு, சில நிமிடங்களில் இருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, நாக்கு, கண் இமை வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம். இது அனஃபிலாக்சிஸ். உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி, தொடையில் போடுவது. அலர்ஜி மாத்திரை இதற்கு மாற்று கிடையாது. யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது, நாள் கணக்கு. புதிய மருந்து ஆரம்பித்து நான்கு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் நெஞ்சிலும் முதுகிலும் தட்டம்மை போலச் சிவப்புப் பொரி, அரிப்பு. அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்கில் அடிக்கடி பார்ப்பது. மருந்தால் வரும் தோல் பிரச்சனைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். மருந்தை நிறுத்தினால் பொதுவாக அடங்கிவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் பெரிய பிரச்சனைகளும் சில சமயம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மூன்றாவது, வாரக் கணக்கு. ஸ்டீவன்ஸ்-ஜான்சனும் டென்னும் பெரும்பாலும் மருந்து ஆரம்பித்த நான்காவது நாள் முதல் நான்காவது வாரத்துக்குள் வருகின்றன. சில மருந்துகளில் எட்டு வாரம் வரை கூட. இதே கால அளவில் வரும் இன்னொன்றின் பெயர் டிரெஸ். பெயரைக் கேட்டால் ஃபேஷன் மாதிரி இருக்கும், விஷயம் ஆபத்தானது. காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பு, முகம் வீங்குவது, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவது. உள்ளே கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

டிரெஸ் பத்தி இளைஞர்கள் ஒரு செய்தி தெரிஞ்சுக்கணும். 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனாமிக் ஆசிட் மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலிக்காக நிறைய பேர் ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கும் மாத்திரை. அதனால் டிரெஸ் வரலாம், கவனியுங்கள் என்பதுதான் செய்தி. அது தடை இல்லை, பயந்து ஓட வேண்டியதும் இல்லை. போட்ட பிறகு காய்ச்சலும் தடிப்பும் வந்தால் அந்த மாத்திரையும் சந்தேகப் பட்டியலில் உண்டு, அவ்வளவுதான்.

நாலாவதா ஒண்ணு, நேரத்தைவிட இடத்தை வெச்சு அடையாளம் காண்றது. குறிப்பிட்ட ஒரு மாத்திரை போடும்போதெல்லாம் உதட்டுலயோ கையிலயோ பிறப்புறுப்புலயோ சரியா அதே இடத்துல வட்டமா கருஞ்சிவப்புத் திட்டு வரும். அப்புறம் கறுத்துத் தழும்பா நிக்கும். சில ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, வயித்துப்போக்கு மாத்திரைகளில் வருவது. பெரும்பாலும் உயிராபத்து இல்லை. ஆனா அதே மாத்திரையைத் திரும்பத் திரும்பப் போட்டா திட்டுகள் பெருகும். கூச்சப்பட்டு மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எந்த மாத்திரைகள்?

ஸ்டீவன்ஸ்-ஜான்சனோடு அடிக்கடி பேசப்படும் பெயர்கள் இவை. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடல், லாமோட்ரிஜின். யூரிக் ஆசிட்டுக்கு அலோபியூரினால். கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகள். எச்.ஐ.வி. மருந்தான நெவிரபின். பைராக்சிகாம், மெலாக்சிகாம் போன்ற சில வலி மாத்திரைகள்.

இந்தப் பட்டியலைக் கேட்டுட்டு யாரும் வீட்டுல வலிப்பு மாத்திரையை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பே ஆபத்தாகிடும். இந்த நோய் மிக அரிது. இந்த மாத்திரைகளால உயிர் பிழைக்கறவங்க மிக அதிகம். ஆபத்து அறிகுறி தெரிஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டர் அந்த மருந்தை நிறுத்திட்டு வேற ரக மருந்துக்கு மாத்துவார். ஒரு வலிப்பு மருந்துல இது வந்தவங்களுக்கு அதே குடும்பத்து இன்னொரு மருந்துலயும் வரலாம்ங்கறதால, எது பாதுகாப்புன்னு அவர்தான் முடிவு பண்ணணும்.

ஏன் சிலருக்கு மட்டும்? பதிலின் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது. 2004-ல் தைவான் விஞ்ஞானிகள், கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்த சீன வம்சாவளியினருக்கு எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அலோபியூரினாலுக்கு எச்.எல்.ஏ-பி 58:01 என்ற வேறொரு வகை. பிறகு தைவானிலேயே, கார்பமசெபின் ஆரம்பிக்கும் முன் 4,877 பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்த மரபணு இருந்தவர்களுக்கு அந்த மருந்தைத் தரவில்லை. முடிவு 2011-ல் வந்தது. அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வரவில்லை. ஒரு டெஸ்ட்டால தடுக்க முடிஞ்சிருக்கு பாருங்க. எல்லா மருந்துக்கும், எல்லா மக்களுக்கும் இப்படி டெஸ்ட் இல்ல. ஆனா இந்த மருந்துகளை ஆரம்பிக்கும்போது "எனக்கு டெஸ்ட் தேவையா டாக்டர்?"னு கேக்கறதுல தப்பே இல்ல.

சிகிச்சைன்னா என்ன?

முதல் சிகிச்சை, சந்தேகப்படும் மருந்தை உடனே நிறுத்துவது. எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறார்களோ அவ்வளவு நல்லது. அடுத்தது, தீக்காய நோயாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பது. உரிந்த தோல் வழியாக நீர் வெளியேறும், உடம்புச் சூடு இறங்கும், கிருமி நுழையும். அதனால் சலைன், கதகதப்பான தனி அறை, சுத்தமான விரிப்பு, காயத்துக்கு மருந்துக் கட்டு, மூக்குக் குழாய் வழியாக உணவு. சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

இந்தியாவுல இந்த நோயைப் பத்திப் பேசினா ஒரு பேரைத் தாண்டிப் போக முடியாது, அனுராதா சாஹா. அமெரிக்காவில் வசித்த குழந்தைகள் உளவியலாளர். 1998-ல் கொல்கத்தாவுக்கு வந்திருந்தபோது காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்தன. நீண்ட நாள் வேலை செய்யக்கூடிய ஒரு ஸ்டீராய்டு ஊசியை நாளுக்கு இரண்டு முறை போடும்படி எழுதித் தரப்பட்டது. நிலைமை மோசமாகி மும்பைக்குக் கொண்டு போனார்கள். 1998 மே 28 அன்று டென் நோயால் இறந்தார். அவருடைய கணவர் குணால் சாஹாவும் டாக்டர்தான். பதினைந்து வருடம் வழக்கு நடத்தினார். சிகிச்சையில் அலட்சியம் நடந்தது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013 அக்டோபரில் சுமார் 6 கோடி ரூபாயும் வட்டியும் இழப்பீடாகத் தர உத்தரவிட்டது. மருத்துவ அலட்சிய வழக்கில் அதுவரை இந்தியாவில் தரப்பட்ட மிகப் பெரிய தொகை அது.

அந்த வழக்கில் ஊசியின் அளவு மட்டும் பிரச்சனையாகவில்லை. நீர்ச்சத்து, உணவு, காயப் பராமரிப்பு போன்ற ஆதரவுச் சிகிச்சை சரியாக இருந்ததா என்பதும் முக்கியக் கேள்வியாக இருந்தது. எனக்கு அதுல புரிஞ்சது இதுதான். இந்த நோய்ல ஒரு அதிசய ஊசியைத் தேடறதைவிட, தோல், கண், ஐ.சி.யூ. மூணு டீமும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கற ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரமாப் போறது முக்கியம். எங்க மாதிரி ஊர்க்காரங்களுக்கு அதுக்கே சில மணி நேரம் ஆகும். அதனாலதான் கிளம்பற முடிவைத் தள்ளிப்போடக் கூடாது.

கண்

தோல் நம்ம நினைக்கறதைவிட வேகமாத் திரும்ப வளரும். சில வாரத்துல சித்தப்பாவோட முதுகு ஆறிடுச்சு, திட்டுத் திட்டாக் கறுப்பு மட்டும் நின்னுச்சு. போகாதது கண்ணுதான்.

இமைக்கு உள்பக்கம் இருக்கற தோல் உரிஞ்சு, ஆறும்போது இமையும் கண்ணும் ஒட்டிக்கலாம். கண்ணீர்ச் சுரப்பு வத்திப் போகலாம். இமை முடி உள்பக்கமா வளர்ந்து கருவிழியைக் கீறிக்கிட்டே இருக்கலாம். அதனால் முதல் நாளிலிருந்தே கண் டாக்டர் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பனிக்குடச் சவ்வைக் கண்ணின் மேல் வைத்துக் காப்பாற்றும் சிகிச்சை உண்டு. அதைத் தொடக்க நாட்களில் செய்தால்தான் முழுப் பலன். மூணு நாள் வேப்பிலையிலயும், அரை நாள் மாத்திரை பேர் தேடறதுலயும் போனப்புறம் எங்களுக்கு அந்த நேரம் குறைஞ்சு போச்சு.

சிலருக்குப் பார்வை முழுசாவே போயிடும். அப்படிப்பட்ட சிலருக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவில் ஒரு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். நோயாளியின் சொந்தப் பல் ஒன்றை எடுத்து, அதில் துளையிட்டு, சின்ன பிளாஸ்டிக் லென்ஸைப் பொருத்தி, சில மாதம் உடம்புக்குள் வைத்து வளரவிட்டு, பிறகு கண்ணில் பதிக்கிறார்கள். இந்த முறையை 1960-களில் இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி என்ற டாக்டர் உருவாக்கினார். பல் வழியாப் பாக்கறதுன்னா நம்ப முடியல இல்ல? ஆனா நடக்குது.

சித்தப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகல. பார்வை இருக்கு. ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விடணும். வெயில், காத்து, தூசி எதுவும் ஆகாது. சூளை முன்னாடி நிக்கவே முடியாது. இப்ப அதே யூனிட்ல உக்காந்து கணக்கு எழுதறார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. நெருப்போட நிறத்தை இப்ப வேற ஒருத்தர் பாக்கறார்.

நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது

புது மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துக்குள்ள உடம்புல தடிப்பு வந்து, கூடவே இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. காலையில பாக்கலாம்னு விடாதீங்க.

காய்ச்சல். வாய், கண், பிறப்புறுப்பு, இதுல எங்கேயாவது புண் அல்லது எரிச்சல். அரிக்கறதுக்குப் பதிலா தோல் வலிக்கறது. கருஞ்சிவப்பு அல்லது சாம்பல் நிறத் திட்டு, கொப்புளம், லேசாத் தேச்சாலே தோல் வழுக்கி வர்றது. முகம் வீங்கறது, நெறி கட்டறது, கண் மஞ்சளாகறது. மூச்சுத்திணறலோ நாக்கு வீக்கமோ மயக்கமோ இருந்தா நேரா 108.

கிளம்பும்போது, சந்தேகமான மாத்திரையோட அடுத்த வேளையைப் போடாம கையில எடுத்துக்கிட்டுப் போங்க. கொப்புளத்தைக் குத்தாதீங்க, எண்ணெய், பவுடர், நாட்டு மருந்து எதையும் பூசாதீங்க. அம்மையா இருக்குமோன்னு தோணினாலும் அதை ஒரு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். சாமிக்கு வேண்டிக்கறவங்க வேண்டிக்கிட்டே கிளம்புங்க.

அடுத்தது, இன்னிக்கே செய்ய வேண்டியது. வீட்டுல அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி சாப்பிடற எல்லா மாத்திரையோட ஸ்ட்ரிப்பையும், பேர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுங்க. ஆரம்பிச்ச தேதியையும் டைப் பண்ணுங்க. மெடிக்கல்ல ஸ்ட்ரிப்பைக் கத்தரிச்சுத் தந்தா, "அண்ணே, பேர் இருக்கற பக்கமாக் குடுங்க, இல்லன்னா பில்லாவது குடுங்க"ன்னு கேளுங்க. ஐந்து நிமிஷ வேலைதான். எங்களுக்கு அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

ஏற்கெனவே ஒரு மருந்து ஒத்துக்காம போனவங்க, அந்த மருந்தோட வேதிப்பெயரை ஒரு அட்டையில எழுதி பர்ஸ்ல வையுங்க. பிராண்ட் பேர் மட்டும் போதாது, ஒரே மருந்து பல பிராண்ட்ல வரும். சித்தப்பா பர்ஸ்ல இப்ப சிவப்பு மையில அலோபியூரினால்னு எழுதின அட்டை இருக்கு. ரத்த சொந்தங்களும் அந்த மருந்தைப் பத்தி டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்றது நல்லது. நான் எந்த டாக்டர்கிட்ட போனாலும் சொல்றேன்.

கடைசியா, புகார்னு நெனச்சுக்காதீங்க, தகவல். மருந்துகளின் பக்க விளைவுகளைக் கண்காணிக்க நம் நாட்டில் 2010-ல் ஒரு தேசியத் திட்டம் ஆரம்பித்தார்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நாமே தெரிவிக்கலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. மெஃபனாமிக் ஆசிட் எச்சரிக்கை மாதிரி விஷயங்கள் வெளியே வர்றது இந்த மாதிரி தகவல்கள் சேரறதாலதான். சித்தப்பாவுக்கு நடந்ததை நானும் சொன்னேன். என்ன மருந்து, என்னிக்கு ஆரம்பிச்சார், என்னிக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு கேட்டாங்க. இந்த முறை எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சு.

இந்த எபிசோடை ஊர்ல இருக்கற உங்க சித்தி, பெரியம்மா யாருக்காவது ஃபார்வர்ட் பண்ணுங்க. அவங்க முழுசாக் கேக்க மாட்டாங்கன்னு தெரியும். போன் பண்ணி ஒரு வரி மட்டும் சொல்லுங்க: "புது மாத்திரை சாப்பிட்டு, உடம்புல தடிப்போட காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்தா முதல்ல எனக்கு ஒரு போன் போடு."